பனியின் உயரமும் முதுநகரின் உயரமும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. அங்கே ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் பிழைத்துக் கிடப்பது இந்தக் குறுகிய இடைவெளியில்தான். தண்ணீர் வடியாமல் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். ஓதமே ஏறாமல் போனால் மண்ணில் உப்புப் பூத்து மரம் பட்டுப்போகும்.

கடல் மெல்ல உயர்ந்தால் அலையாத்திக் காடும் கூடவே உயரும். வேர்கள் வண்டலைப் பிடித்துவைக்கும், உதிர்ந்த இலையும் செத்த வேரும் மட்கித் தரையை மேடாக்கும். ஆனால் இதற்கும் ஒரு வேக வரம்பு உண்டு. நீல் செயின்டிலான் தலைமையிலான குழு கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் படிவுகளை ஆராய்ந்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. கடல் மட்டம் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயரத் தொடங்கினால் இந்தக் காடுகள் ஈடுகொடுத்து நிற்பது மிக அரிது என்பதே அதன் முடிவு. உலகக் கடல் மட்டம் 1993இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருந்தது. இன்று அந்த வேகம் 4.5 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கிறது.

வேகம் இப்படிக் கூடியதில் பெரும்பங்கு கிரீன்லாந்து, அன்டார்க்டிகா பனிவிரிப்புகளுடையது. ஆகவே பிச்சாவரத்துக்கு இன்னும் எத்தனை காலம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுபவர் துருவப் பனியின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, அதை எவ்வளவு நம்பலாம், கடலூர் மாவட்டக் கரையில் நிற்பவருக்கு அது போதுமா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளிம்பு: படத்தில் தெரிவது

பனியாறு பின்வாங்குவதைப் பார்ப்பது எளிது. 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, பனி முடியும் விளிம்பைக் கோடாக வரைந்துகொண்டே வந்தால் போதும். கடற்கரை அரிப்பை அளப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு, தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகக் கணித்தது.

துருவ இரவு மாதக்கணக்கில் நீளும். மேகமும் மறைக்கும். அந்தக் காலத்தில் சாதாரணப் படம் உதவாது. ரேடார் செயற்கைக்கோள் தானே அலையை அனுப்பித் தானே திரும்ப வாங்குவதால் அதற்கு இருட்டும் மேகமும் பொருட்டல்ல. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

விளிம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஏமாற்றம்தான். அன்டார்க்டிகத் தீபகற்பத்திலுள்ள ஹெக்டோரியா பனியாற்றின் கதை இதற்கு நல்ல சான்று. இந்தப் பனியாற்றுக்கு முன்னால் லார்சன்-பி என்ற மிதக்கும் பனித்தட்டு தடுப்பணைபோல் நின்றது. 2002 தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் அதில் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கிப்போனது. ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த பனி என்பதால் அது உடைந்ததால் கடல் மட்டம் உயர்ந்துவிடவில்லை. விளைவு பின்னால் வந்தது. தடுப்பு போனதும் ஹெக்டோரியா வேகமெடுத்தது. அதன் மேற்பரப்பு ஆறே மாதத்தில் 38 மீட்டர் வரை தாழ்ந்ததை நாசாவின் ஐஸ்சாட் லேசர் அளந்து சொன்னது.

பிறகு 2011 முதல் கடற்பனி அந்த விரிகுடாவில் உறைந்து நிலைத்து, பனியாற்றுக்கு முட்டுக் கொடுத்தது. 2022 ஜனவரியில் அந்தக் கடற்பனியும் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் ஹெக்டோரியா ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பின்வாங்கியது. தரையில் ஊன்றி நிற்கும் பனி நவீன காலத்தில் இவ்வளவு விரைவாகப் பின்வாங்கியதில்லை என்று 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பகுதி உண்மையில் தரையில் ஊன்றித்தான் நின்றதா, ஏற்கெனவே மிதக்கத் தொடங்கிவிட்டதா என்று வேறு சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். மிதந்த பனி என்றால் இது சாதனையும் அல்ல, கடலுக்குப் புதிய சுமையும் அல்ல. விளிம்பு நகர்ந்ததைப் படம் காட்டிவிடுகிறது. விளிம்புக்கு அடியில் இருந்தது தரையா தண்ணீரா என்பதைப் படத்தால் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல உதவுவது ஓதம். பனியாறு கடலில் இறங்கும் இடத்தில், தரையை விட்டுப் பனி மிதக்கத் தொடங்கும் எல்லை ஒன்று உண்டு. அதைத் தரைதட்டும் கோடு எனலாம். கோட்டுக்கு இப்பால் பனி ஓதத்துக்கு அசையாது. அப்பால் ஓதத்தோடு ஏறி இறங்கும். ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில் இருமுறை ரேடாரால் பார்த்து, இரண்டு முறையும் திரும்பிவந்த அலைகளின் கட்டத்தை ஒப்பிட்டால் சென்டிமீட்டர் அளவிலான ஏற்ற இறக்கம்கூடத் தெரிந்துவிடும். 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பிய இ.ஆர்.எஸ்.-1 முதல் கிடைத்த தரவுகளை வைத்து எரிக் ரிக்னோ குழுவினர் 2014இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மேற்கு அன்டார்க்டிகாவின் பைன் ஐலண்ட் பனியாற்றில் தரைதட்டும் கோடு 1992இலிருந்து 2011க்குள் அதன் நடுப்பகுதியில் 31 கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது. அங்கே உள்நோக்கிப் போகப்போகப் பாறைத்தளம் பள்ளமாகிறது. கோடு உள்வாங்கும்தோறும் தடித்த பனி கடலை எதிர்கொள்கிறது, வெளியேறும் பனியும் பெருகுகிறது. உலகம் இந்தப் பகுதியை அஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

உயரம்: மேலிருந்து எண்ணப்படும் ஒளித்துகள்கள்

விளிம்பு நின்ற இடத்திலேயே நிற்க, பனி மேலிருந்து கீழாக மெலிந்துகொண்டே போகலாம். அதைப் பிடிக்க உயரத்தை அளக்க வேண்டும்.

2018 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 முறை பச்சை லேசர் ஒளியைத் துடிப்புகளாக அனுப்புகிறது. அது ஆறு கற்றைகளாகப் பிரிந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு கற்றையும் தரையில் தொடும் வட்டத்தின் குறுக்களவு பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அடுத்தடுத்த வட்டங்களின் மையங்களுக்கு இடையே ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளி. கோடிகோடியாகக் கிளம்பும் ஒளித்துகள்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே திரும்பிவருகின்றன. அவை போய்வந்த நேரமே தூரத்தைச் சொல்கிறது. 91 நாளுக்கு ஒருமுறை துருவப் பனியில் அதே தடத்தின் மேல் மீண்டும் வந்து, முன்பு அளந்த உயரத்தோடு ஒப்பிடுகிறது.

ஐரோப்பாவின் கிரையோசாட்-2 வேறு வழியில் போகிறது. முதல் கிரையோசாட் 2005 அக்டோபரில் ஏவும்போதே அழிந்தது. அதன் மாற்று 2010 ஏப்ரலில் விண்ணேறியது. இது ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவும். ஆனால் உலர்ந்த பனியின் மேற்படலத்தையும் ஓரளவு ஊடுருவிவிடும் என்பது இதன் சிக்கல். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுவதும் சில நாட்களுக்கு உருகியது. உருகிய நீர் கீழிறங்கி மீண்டும் உறைந்து கெட்டியான பனிப்படலங்களாயிற்று. அதுவரை பனிக்குள் புகுந்து ஆழத்திலிருந்து திரும்பிய ரேடார் அலை அதன்பின் மேற்பரப்பை ஒட்டியே எதிரொலித்தது. விளைவாக, பெரும் உருகலுக்குப் பிறகு பனிவிரிப்பின் உட்பகுதி அரை மீட்டர் உயர்ந்துவிட்டதாக அளவீடு காட்டியது. உருகிய பனி உயர்ந்ததாகக் காட்டும் கருவியைத் திருத்தமின்றி நம்பியிருந்தால் கணக்கே தலைகீழாகியிருக்கும்.

இந்த இடத்தில் இந்தியாவின் பங்கு ஒன்று உண்டு. இஸ்ரோவும் பிரான்சின் சி.என்.இ.எஸ். நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சரல் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலிருந்த ஆல்டிகா உயரமானி வழக்கமான ரேடார் உயரமானிகளைவிடக் குறைந்த அலைநீளத்தில் இயங்கியது. குறைந்த அலைநீளம் பனிக்குள் அதிகம் புகாது. அதனால் அது மேற்பரப்பின் உண்மையான உயரத்துக்கு நெருங்கி அளந்தது. கடலுக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்ட கருவி பனி ஆய்வுக்கும் ஒரு புதிய ஒப்பீட்டைத் தந்தது.

உயரத்தை அளந்த பிறகும் ஒரு படி மிச்சமிருக்கிறது. ஒரு மீட்டர் தாழ்ந்தது என்றால் எவ்வளவு எடை போயிற்று? புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி, கெட்டிப்பட்ட பனியின் அடர்த்தியில் பாதிகூட இராது. பழைய பனித்தூள் தானாக அமுங்கினாலும் உயரம் குறையும், எடை குறையாது. அடியிலிருக்கும் பாறையே பழைய பனியூழியின் சுமை நீங்கிய பிறகு இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. இத்தனையையும் மாதிரிகளால் கணித்துக் கழித்த பிறகே எடை கிடைக்கும்.

எடை: ஈர்ப்பைக் கொண்டு நிறுத்தல்

எடையை நேரடியாகவே அளக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவும் ஜெர்மனியும் 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் திட்டத்தில் படமெடுக்கும் கருவியே முக்கியமல்ல. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரண்டு செயற்கைக்கோள்களே கருவி. முன்னது பெரும் பனித்திரளை நெருங்கும்போது அதன் ஈர்ப்பால் சற்று முன்னோக்கி இழுபடும். இடைவெளி மயிரிழையினும் குறைந்த அளவில் மாறும். நுண்ணலையால் அந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் அளவில் அளந்து, கீழே இருக்கும் நிறை மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று கணிக்கிறார்கள். 2017இல் அது முடிந்தது. 2018 மே மாதம் அதன் வாரிசு விண்ணேறியது.

கிரேஸ் கணக்குப்படி 2002 முதல் கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 26,000 முதல் 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. அன்டார்க்டிகாவின் இழப்பு 13,000 முதல் 15,000 கோடி டன். ஏறத்தாழ 36,000 கோடி டன் பனி உருகிச் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.

எடை தெரிகிறதே தவிர, இடம் துல்லியமாகத் தெரிவதில்லை. முந்நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மதிப்புதான் கிடைக்கும். பாறை எழும்புவதையும் பனி கூடுவதையும் ஈர்ப்பால் பிரித்தறிய இயலாது. அதற்கும் மாதிரிதான் துணை.

மூன்று கணக்கும் ஒத்துப்போனால்

ஒரு கடையின் வரவுசெலவைத் தனித்தனியே மூன்று கணக்குப்பிள்ளைகள் எழுதினால், கணக்கு சரியா என்பது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும். உயரத்தால் அளப்பது ஒன்று. ஈர்ப்பால் நிறுப்பது இன்னொன்று. விழுந்த பனியிலிருந்து கடலுக்குள் வெளியேறிய பனியைக் கழிப்பது மூன்றாவது. தொடக்க காலத்தில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அன்டார்க்டிகா இழக்கிறதா, சேர்க்கிறதா என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லாதிருந்தது. ஆண்ட்ரூ ஷெப்பர்டு முன்னின்று நடத்திய இம்பி என்ற கூட்டு முயற்சி, எல்லாக் குழுக்களையும் ஒரே காலத்துக்கும் ஒரே எல்லைக்கும் கணக்கெழுதச் சொல்லி 2012இல் அவற்றை நேர்செய்தது. 2023இல் வெளியான அதன் புதுப்பித்த கணக்குப்படி, 1992 முதல் 2020 வரை இரு பனிவிரிப்புகளும் சேர்ந்து இழந்தது ஏறத்தாழ 7.5 லட்சம் கோடி டன். கடல் மட்டத்தில் அதன் பங்கு 21 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு ஒரே திசையில் மட்டும் ஓடுவதில்லை. கிரீன்லாந்தின் யாகோப்சவன் பனியாறு 2012இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. பிறகு குளிர்ந்த கடல்நீர் வந்து சேர, 2016க்குப்பின் சில ஆண்டுகள் மெதுவாகித் தடித்தது. அன்டார்க்டிகாவில் 2021இலிருந்து 2023 வரை மிகையாகப் பனி பொழிந்ததால் மொத்த எடை சற்றுக் கூடியது. பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இவற்றைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இழப்பைச் சொன்ன அதே கருவிகள்தான் இந்த வரவையும் சொல்லின. இரண்டையும் மறைக்காமல் எழுதும் கணக்கைத்தான் நம்ப முடியும். முப்பதாண்டுத் தொகையில் செலவே மிஞ்சுகிறது.

தரையிலிருந்து அளப்பதன் எல்லையும் இந்தியருக்குத் தெரிந்ததே. 1983 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, கிழக்கு அன்டார்க்டிகாவின் ஷிர்மாகர் பாறைவெளியில் உள்ள தட்சிண் கங்கோத்ரி பனியாற்றின் முனையை அளந்துவருகிறது. அதன் பின்வாங்கல் ஆண்டுக்குச் சராசரி ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே நின்று பார்ப்பவர் அன்டார்க்டிகா அமைதியாக இருக்கிறது என்றே நினைப்பார். அதே கண்டத்தின் மறுபக்கத்தில் கோடுகள் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்குகின்றன. அந்த முனையில் கிடைக்கும் அளவு நம்பகமானது. அதைக் கண்டத்துக்கே பொருத்துவதுதான் பிழை.

துருவத்திலிருந்து கடலூர் வரை

உருகிய நீர் உலகெங்கும் சமமாகப் பரவுவதில்லை. பனிவிரிப்பின் பெருநிறை சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கிறது. நிறை குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, நீர் தொலைவுக்கு விலகும். கிரீன்லாந்து உருகும்போது அதன் கரையை ஒட்டிய கடல் தாழவே செய்கிறது. இரு துருவங்களுக்கும் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளுக்கு உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே நீர் வந்து சேர்கிறது. வங்கக்கடல் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டக் கரையில் இன்று கண்ணுக்குத் தெரியும் அரிப்பையெல்லாம் துருவப் பனியின் மேல் போடுவது சரியல்ல. ஆற்று மணல் அணைகளில் தங்கிவிடுவதும், கரையோரம் நகரும் மணலைக் கல்சுவர்கள் மறிப்பதும், புயல்களும்தான் இங்கே முதன்மைக் காரணங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் ஓரிரவில் செய்ததைக் கடல் மட்டம் பல ஆண்டுகளில்கூடச் செய்வதில்லை. கடல் மட்ட உயர்வு செய்வது வேறு. அடுத்த புயலின் அலை எந்த மட்டத்திலிருந்து கிளம்பும் என்பதை அது தீர்மானிக்கிறது. கெடிலமும் உப்பனாறும் கடலோடு சேரும் கடலூர் முதுநகர் பகுதியில், மழைவெள்ளம் வடிய வேண்டிய நேரத்தில் முகத்துவாரத்து நீர்மட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் தெருவில் நிற்கும் நீரின் அளவு.

அப்படியானால் அடுத்த கேள்வி: தெருவின் உயரம் என்ன?

இந்தக் கேள்வி இந்த மாவட்டத்தில் ஒருமுறை அறிவியல் விவாதமாகவே நடந்திருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே கெர், பெயர்டு, கேம்பல் ஆகிய மூவர் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு மறுத்தார்கள். கரையிலிருந்து தொலைவும் தரையின் உயரமும் சமமாக உள்ள ஊர்களை ஒப்பிட்டால், தாவரத்தின் பரப்பால் உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். காடு காத்ததா, மேடு காத்ததா என்ற சச்சரவு முழுமையாகத் தீரவில்லை. உயரம் என்ற ஒற்றை அளவு அந்த விவாதத்தின் அச்சாக இருந்தது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

தரையின் உயரத்துக்கு நெடுங்காலம் உலகம் நம்பியது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். வரைபடத்தை. அந்த ரேடார் பார்த்தது கூரைகளையும் மர உச்சிகளையும்தான். ஸ்காட் குல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் 2019இல் காட்டியபடி, கடலோரத் தாழ்நிலங்களில் அது தரையைச் சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர் உயர்த்திக் காட்டுகிறது. அதைத் திருத்தியபோது ஆபத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை பழைய மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்காயிற்று. பிச்சாவரம் போன்ற காட்டுக்கு இந்தப் பிழை இன்னும் கூடும். மரத்தின் உச்சியைத் தரை என்று கொண்டால் காடே பத்திரமான மேட்டில் நிற்பதாகத் தோன்றும்.

அடுத்தது, தரை தானே இறங்குகிறதா என்பது. வண்டல் நிலம் இயல்பாகவே அமுங்கும். நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சினால் நகரங்கள் தாழும் என்பதற்கு ஜகார்த்தாவும் மெக்சிகோ நகரமும் சான்று. கடலூர் மாவட்டத்தில் விவசாயமும் தொழிற்சாலைகளும் நிலத்தடி நீரை நம்பியிருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலக்கரிப் படிவின் அடியிலிருந்து அழுத்த நீர் இடைவிடாது இறைக்கப்படுகிறது. இந்தக் கரையில் தரை ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே போதும், கடல் தரும் 4.5 மில்லிமீட்டரோடு சேர்ந்து அது செயின்டிலான் சொன்ன 6 மில்லிமீட்டர் வரம்பைத் தாண்டிவிடும். எனவே தரை தாழ்கிறதா என்பது ஊகத்துக்கு விடக்கூடியதல்ல, அளந்து அறிய வேண்டியது.

அளக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் நிசார் செயற்கைக்கோளைக் கொண்டுசென்றது. நாசாவின் எல்-அலை ரேடாரும் இஸ்ரோவின் எஸ்-அலை ரேடாரும் 12 மீட்டர் விரிந்த ஒரே வலை ஆடியைப் பகிர்ந்துகொள்கின்றன. 12 நாளுக்கு ஒருமுறை அதே கோணத்தில் அதே நிலத்தைப் பார்க்கும். அன்டார்க்டிகாவின் உட்பகுதி தவறாமல் பதிவாக வேண்டும் என்பதற்காக அது இடப்பக்கம் மட்டுமே நோக்கும்படி திட்டமிடப்பட்டது. தரைதட்டும் கோட்டைக் காணும் அதே முறையால் முதுநகரின் தரை மில்லிமீட்டர் கணக்கில் இறங்குகிறதா என்பதையும் சில ஆண்டுத் தொடரில் காண முடியும். ஐஸ்சாட்-2இன் லேசரும் துருவத்தோடு நிற்பதில்லை. அதன் தடங்கள் தமிழகக் கரைக்கு மேலும் செல்கின்றன. இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளித்துகள்களால் காட்டின் உயரத்தையும் அதன் தரை உயரத்தையும் பிரித்துச் சொல்ல முடியும். இரு திட்டங்களின் தரவுகளும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறக்கூடியவை.

செயற்கைக்கோளை இந்த மண்ணில் பயன்படுத்திய முன்னனுபவமும் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, பழைய மரவெட்டு முறையால் பள்ளமாகி உப்புத் தேங்கிய இடங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்களே உறுதிப்படுத்தின. அங்கேயும் காட்டைக் கெடுத்தது சில சென்டிமீட்டர் பள்ளம். மீட்டதும் அந்த மட்டத்தைப் புரிந்துகொண்டு வெட்டிய வாய்க்கால்.

துருவத்தில் பனி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மெலிவதை மூன்று வழியில் சரிபார்த்துச் சொல்லும் அறிவியல் இன்று கையில் இருக்கிறது. அந்தப் பனியின் விளைவு வந்து இறங்கும் கரையின் உயரத்தை மட்டும் மீட்டர் கணக்கில் தோராயமாக வைத்துக்கொண்டிருப்பது பொருந்தாது. வேண்டியவை மூன்று. முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு ஓதமானியும் அதன் பக்கத்திலேயே தரையின் அசைவைப் பதியும் நிலையான ஜி.பி.எஸ். நிலையமும் வேண்டும். பிச்சாவரத்தின் வாய்க்கால்களில் வண்டல் ஆண்டுக்கு எவ்வளவு படிகிறது என்று அளக்கும் நிலைக்குறிகள் வேண்டும். இந்த அளவுகளை நிசார் படங்களோடு பொருத்தி ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்க வேண்டும். கடல் உயிரியலில் பல பத்தாண்டு அனுபவம் கொண்ட பல்கலைக்கழகம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. இதற்காகும் செலவு ஒரு கல்சுவர் கட்டும் செலவில் சிறு பகுதிகூட இராது. எங்கே சுவர் வேண்டும், எங்கே காடு போதும், எங்கிருந்து குடியிருப்பை நகர்த்த வேண்டும் என்பதை இந்த அளவுகள் இல்லாமல் முடிவு செய்வது குருட்டாம்போக்கில் செலவழிப்பதே.